ரேஷ்மா அழவில்லை

தாம்பரம் ஸ்டேஷன் நடைமேம்பாலத்தின் படியில்தான் தபித்தாள் அந்தக் குழந்தையை முதலில் பார்த்தாள். சாயங்கால நேரம். மின்சார ரயிலிலிருந்து இறங்கிய கூட்டம் நெட்டித் தள்ளிக்கொண்டு மேற்குத் தாம்பரம் பக்கம் இறங்கியது. நடுவே, கைப்பிடிக் கம்பியை ஒட்டி, பச்சைக் கட்டம் போட்ட கவுனில் ஒரு சிறுமி நின்றாள். பேன் தொல்லைக்காக ஒட்ட வெட்டிய முடி. காலடியில் ஒரு தகரப்பெட்டி. குழந்தை யாரையும் தேடவில்லை, யாரையும் கூப்பிடவில்லை. நிற்கச் சொன்ன இடத்தில் நிற்கிற பிள்ளை என்று பார்த்ததுமே தெரிந்தது.

தபித்தாள் நாலு படி இறங்கித் திரும்பிப் பார்த்தாள். அங்கே ஒரு ஆள் போனில் பேசிக்கொண்டு நின்றான். குழந்தை இல்லை.

சர்க்கரை இறங்கியிருக்கும் என்று பையிலிருந்த பிஸ்கட்டை எடுத்துக் கடித்துக்கொண்டாள். வீட்டுக்கு வந்து சேர்ந்த பிறகும் மனம் அடங்கவில்லை. அந்த மாதிரி கவுனைத் தைத்தவளே அவள்தான்.

பொழிச்சலூரில் பிறந்தவள் தபித்தாள். அப்பா பல்லாவரத்தில் தோல் பதனிடும் இடத்தில் வேலை பார்த்தவர். பத்தொன்பது வயதில் ஒரு கன்வென்ஷன் கூட்டத்தில், வடக்கே ஊழியத்துக்குப் போகிறவர்கள் கையைத் தூக்குங்கள் என்று கேட்டபோது தூக்கினாள். அதே கூட்டத்தில் கை தூக்கிய ஏசுபாதத்தைக் கட்டிக்கொண்டு, அன்றைக்குப் பீகாராக இருந்த ஜார்க்கண்ட் மலைக்கிராமம் ஒன்றுக்குப் போனாள். தண்ணீருக்கு இறங்கி ஏற வேண்டும், பாஷை புதிது, வீட்டுக்கு வீடு மலேரியா. மூத்தவள் அங்கேதான் பிறந்தாள். பிரசவம் பார்த்த கிராமத்துப் பெண்கள் 'ரேஷ்மா, ரேஷ்மா' என்று கொஞ்ச, அதுவே பெயராகிவிட்டது.

அந்த மலையில் பள்ளிக்கூடம் கிடையாது. மிஷனரிகளின் பிள்ளைகளைத் தாம்பரத்தில் மிஷன் நடத்திய விடுதியில் சேர்ப்பதுதான் வழக்கம். ரேஷ்மாவுக்கு ஆறு வயது முடிந்ததும், தபித்தாள் தைத்த பச்சைக் கவுனும் தகரப்பெட்டியுமாக அவளையும் கொண்டுவந்து விட்டார்கள். அப்புறம் வருஷத்துக்கு ஒருமுறை, கோடை விடுமுறையில், பிள்ளை மலைக்கு வரும். ஒரு மாதம் இருந்துவிட்டுத் திரும்பிப் போகும்.

ஏசுபாதம் போன வருஷம் மலையிலேயே மாரடைப்பில் போனார். அவரை அங்கேயே அடக்கம் செய்துவிட்டுத் தபித்தாள் ஊர் திரும்பினாள். இளையவன் சாலமன் துபாயில் இருந்தான். கீழ்க்கட்டளையில் அடுக்குமாடி வீட்டில் இருந்த ரேஷ்மா, "எங்களோட வந்துடுங்கம்மா" என்றாள். தபித்தாள் ஒரு மரியாதைக்கு, "உங்களுக்கு எதுக்கும்மா கஷ்டம்" என்றாள். மகள் மறுபடி கேட்கவில்லை. மறுவாரமே மேற்குத் தாம்பரத்தில் ஒரு படுக்கையறை வீடாகப் பார்த்து, கேஸ், மிக்ஸி, கட்டில் எல்லாம் போட்டு, அம்மாவைக் குடிவைத்தாள். குறை சொல்ல ஒன்றுமில்லை.

மாதத்தின் முதல் ஞாயிறு ஆராதனை முடிந்து ரேஷ்மா வருவாள். பிரஷர் மாத்திரை, பப்பாளி, ஓட்ஸ். நாற்காலி நுனியில் உட்காருவாள். தபித்தாள் மலைக்கதைகளைச் சொல்லச் சொல்லத் தலையாட்டிக் கேட்பாள். அம்மாவை 'நீங்க' என்பாள். கைபேசியைத் தொடக்கூட மாட்டாள். ஒருநாள் தபித்தாள் கைதவறி மகளின் புதுப்புடவை மேல் சுடச்சுட டீயைக் கொட்டிவிட்டாள். தொடை சிவந்துபோயிருக்கும். ரேஷ்மா முகம் சுளிக்கவில்லை. "பரவாயில்லம்மா" என்று எழுந்து போய்ப் புடவையை அலசிவிட்டு வந்து, விட்ட இடத்திலிருந்து கதையைக் கேட்டாள்.

அன்றைக்குத்தான் தபித்தாளுக்கு முதன்முதலாக மகளைப் பார்த்துப் பயமாக இருந்தது.

படியில் பார்த்த குழந்தை அதன் பிறகு அடிக்கடி வர ஆரம்பித்தது. சண்முகம் சாலையில் காய்கறி வாங்கும்போது தள்ளுவண்டிக்கு அந்தப் பக்கம் நிற்கும். பள்ளிக்கூடம் விட்டுப் பிள்ளைகள் ஓடிவரும்போது, ஓடாமல் ஒன்று மட்டும் பின்னால் வரும். கிட்டே போனால் வேறு முகமாக இருக்கும், இல்லையென்றால் ஆளே இருக்காது. தபித்தாள் ஜெபித்துப் பார்த்தாள். ஜெபம் முடிந்து கண்ணைத் திறக்கிற நேரத்தில் அடுப்படி நிலைவாசலில் கவுனின் பச்சை தெரிந்து மறையும். பயமுறுத்துகிற குழந்தை இல்லை அது. எதையோ கேட்க நினைத்து, கேட்டால் அம்மாவுக்குச் சங்கடம் என்று வாயை மூடிக்கொண்டிருக்கிற குழந்தை. அதுதான் தாங்க முடியவில்லை.

விடுதி இருந்த கிழக்குத் தாம்பரம் தெருவுக்கு ஒருநாள் போனாள். விடுதியை இடித்து அடுக்குமாடி கட்டியிருந்தார்கள். செக்யூரிட்டி, "யாரைப் பாக்கணும்?" என்றான். "யாரும் இல்லப்பா" என்று திரும்பிவிட்டாள்.

இந்த நேரத்தில்தான் சபையின் போதகர் வேதசிரோமணி வீட்டுக்கு வந்தார். "மாதர் சங்கத்துல அடுத்த மாசம் ஸ்பெஷல் மீட்டிங்மா. பொறுமைங்கிற தலைப்பு. நீங்கதான் பேசணும். உங்க மூத்த மக சாட்சி இருக்கே, அதைச் சொல்லுங்க. சின்னப் பையனா இருக்கும்போது கேட்டது, இன்னும் மறக்கலை."

அந்தச் சாட்சியைத் தபித்தாள் சொல்லாத சபை கிடையாது. விடுமுறைக்குத் தெற்கே வரும்போதெல்லாம் மிஷன்காரர்கள் அவளை மேடையேற்றுவார்கள். "விடுதி வாசலில் என் மூத்த மகளை இறக்கிவிட்டோம். 'பொறுமையா இருந்தா சீக்கிரம் வருவீங்களாம்மா?' என்று கேட்டாள். வருவேன் என்றேன். அவள் அழவில்லை. ஆட்டோ முனை திரும்பும்வரை சிரித்த முகமாய்க் கையசைத்துக்கொண்டே நின்றாள். பொறுமையை எனக்கு என் ஆறு வயதுப் பிள்ளை கற்றுக்கொடுத்தாள்." இந்த இடத்தில் பெண்கள் முந்தானையால் கண்ணைத் துடைப்பார்கள். சிலர் வளையலைக் கழற்றிக் காணிக்கைப் பையில் போடுவார்கள்.

போதகரிடம் சரி என்று சொல்லி அனுப்பினாள்.

அந்த வாரம் தெருமுனையில் பூக்கடை போட்டிருக்கும் கன்னியம்மாவிடம் பேச்சுக் கொடுத்துக்கொண்டிருந்தாள். தபித்தாள் பூ வைக்கிறதில்லை. ஊழியத்துக்குப் போனதிலிருந்தே அதையெல்லாம் விட்டுவிட்டவள். ஆனால் கன்னியம்மாவும் பொழிச்சலூர்க்காரி, அந்த ஒட்டுதல்.

"இன்னாக்கா, ஒம் பொண்ணு தங்கமான பொண்ணுக்கா. சனிக்கெழமைன்னா டான்னு வந்துடுது. ரெண்டு மொழம் முல்லை வாங்கிகினு டீச்சரம்மா வூட்டுக்குப் போவுது."

"எம் பொண்ணா? அவ ஞாயித்துக்கிழமைதானே வருவா? அதுவும் மாசத்துக்கு ஒருக்கா."

"அது ஒன் வூட்டுக்கு. நான் சொல்றது டீச்சரம்மா வூட்டுக்கு. பின்னாடித் தெருவுல, அந்த நீலக் கேட்டு. வருசக் கணக்கா வந்துகினுதான் கீது. ஒனக்குத் தெரியாதா?"

"தெரியும், தெரியும்" என்று சொல்லிவிட்டுத் தபித்தாள் வீட்டுக்கு நடந்தாள். செருப்பைக் கழற்றாமலே உள்ளே போனது அப்புறம்தான் தெரிந்தது.

சனிக்கிழமை அவள் பின்தெருவுக்குப் போனாள். நீலக் கேட்டுக்கு வெளியே ரேஷ்மாவின் கார் நின்றது. வீட்டு ஜன்னல் திறந்திருந்தது. மதில் ஓரமாக நின்றாள். உள்ளே யாரோ சத்தம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அது தன் மகளின் குரல் என்று புரிய அவளுக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. அந்தக் குரலை அவள் கேட்டதே இல்லை.

"எவ்ளோ நேரம் டீச்சர் ஒரு காபிக்கு? பசிக்குது எனக்கு! போன வாரமும் இப்படித்தான், சர்க்கரை போட மறந்துட்டீங்க!"

"கத்தாதேடி. வயசானவ நான்."

"கத்துவேன். ஆபீஸ்ல அந்த மேனேஜர் உயிரை வாங்குறான், இங்க வந்தா நீங்க. போங்க, நான் போறேன் வீட்டுக்கு."

"போயேன்."

"போக மாட்டேன்."

பிறகு சிரிப்பு. சத்தமான, வெட்கமில்லாத சிரிப்பு. அதற்குப் பின்னால் சிரிப்பு எங்கோ உடைந்து, ரேஷ்மா மூக்கை உறிஞ்சி அழுவது கேட்டது. எதற்கென்று தெரியவில்லை. மேனேஜருக்காகவும் இருக்கலாம். பாத்திரம் வைக்கிற சத்தம் மட்டும் வந்தது.

தபித்தாள் கேட்டில் கை வைக்கவில்லை. திரும்பி நடந்தாள். தன் மகள் பொறுமையாக இருக்க வேண்டாத ஒரு வீடு இந்த ஊரில் இருக்கிறது, அது தன் வீட்டுக்கு அடுத்த தெருவில் இருக்கிறது. வீட்டுக்குள் நுழைந்தபோது குழந்தை கூடத்தில், ரேஷ்மா வழக்கமாக உட்காரும் நாற்காலிக்குப் பக்கத்தில், நின்றுகொண்டிருந்தது. இந்த முறை தபித்தாள் விளக்கைப் போட்டு அதை விரட்டவில்லை. "என்னம்மா வேணும்?" என்று வாய்விட்டுக் கேட்டாள்.

திங்கட்கிழமை காலை நீலக் கேட்டைத் திறந்துகொண்டு போனாள். திரிபுரசுந்தரி டீச்சர் வாசலில் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்தார். தபித்தாள் யாரென்று சொல்வதற்கு முன்பே, "ரேஷ்மா அம்மாதானே? முகம் அப்படியே இருக்கே. வாங்க, உள்ள வாங்க" என்றார்.

கூடத்தில் ரேஷ்மாவின் கல்லூரிப் பட்டமளிப்புப் படம் மாட்டியிருந்தது. பக்கத்தில் சாமி படங்கள்.

"மூணாம் கிளாஸ்ல எங்கிட்ட வந்தா" என்றார் டீச்சர். "ஒரு நாள் காம்பஸ் முனை உள்ளங்கையில குத்தி ரத்தமா வருது. கண்ணுல ஒரு சொட்டு தண்ணி இல்லை. கையை மூடி வச்சுண்டு கணக்கு போட்டுண்டிருக்கா. எனக்கு பயமாப் போச்சும்மா. குழந்தைன்னா கத்தணுமே. வார்டனைக் கேட்டு ஞாயித்துக்கிழமை வீட்டுக்குக் கூட்டிண்டு வந்தேன். ரொம்ப நாள் அவ பாட்டுக்கு உக்காந்திருப்பா. ஒருநாள் தோசை தீஞ்சு போச்சுன்னு தட்டைத் தள்ளிவிட்டா. எனக்கு அவ்வளவு சந்தோஷம். எங்களுக்குக் குழந்தை இல்லை. என் வீட்டுக்காரர் அன்னிக்கு அவளுக்கு ஐஸ்க்ரீம் வாங்கிக் குடுத்தார்."

தபித்தாள் பட்டமளிப்புப் படத்தைப் பார்த்தாள். "எனக்கு எதுவுமே தெரியாது" என்றாள்.

"நீங்க தூரத்துல இருந்தீங்க. நான் பக்கத்துல இருந்தேன். வேற ஒண்ணுமில்லை." டீச்சர் காபியை அவள் பக்கம் நகர்த்தினார். "நீங்க வந்தீங்கன்னு அவகிட்ட சொல்லவா?"

"வேண்டாம்."

மாதர் சங்கக் கூட்டத்துக்கு ரேஷ்மாதான் காரில் கூட்டிப்போனாள். போதகர் அவளுக்குப் போன் செய்து கேட்டிருந்தார், அவளும் மறுக்கவில்லை. ஆலயம் நிறைந்திருந்தது. ரேஷ்மா கடைசி வரிசையில் உட்கார்ந்தாள். பாட்டு முடிந்து தபித்தாள் மைக்குக்கு முன் நின்றபோது, மகளின் முகத்தைப் பார்த்தாள். அது தயாராக இருந்தது. எல்லோரும் திரும்பிப் பார்க்கப்போகும் அந்த நொடிக்காக, லேசாய்ச் சிரித்தபடி, முன்கூட்டியே வைத்துக்கொண்ட முகம். ரேஷ்மாவின் வரிசைக்கு ஓரத்தில், தூணை ஒட்டி, பச்சைக் கவுனும் நின்றது.

தபித்தாள் விடுதி வாசலிலிருந்து கதையைத் தொடங்கினாள். குழந்தை கேட்டதைச் சொன்னாள்.

"அவள் சிரித்த முகமாய்க் கையசைத்தாள் என்று எல்லா இடத்திலும் சொல்லியிருக்கிறேன்" என்றாள். "நான் அதைப் பார்க்கவில்லை. திரும்பிப் பார்க்காதே, பிள்ளை அழுவாள் என்று என் கணவர் சொன்னார். மடியிலிருந்த கைக்குழந்தையைக் குனிந்து பார்த்துக்கொண்டே வந்துவிட்டேன். அவள் அழுதாளா இல்லையா என்று எனக்குத் தெரியாது. பொறுமையைப் பற்றிப் பேசக் கூப்பிட்டீர்கள். எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்."

இறங்கிவந்து உட்கார்ந்தாள். போதகர் எழுந்து அவசரமாக ஒரு ஞானப்பாட்டின் எண்ணை அறிவித்தார். கூட்டம் முடிந்ததும் இரண்டு பெண்கள் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டு அழுதார்கள். "எவ்வளவு உண்மையான சாட்சி அக்கா! எங்க சபைக்கும் வந்து சொல்லணும்."

ரேஷ்மா அதைக் கேட்டபடி சாவியோடு நின்றிருந்தாள்.

தபித்தாளின் வீட்டு வாசலில் வண்டியை நிறுத்தியதும் ரேஷ்மா என்ஜினை அணைத்தாள்.

"யாரைக் கேட்டுச் சொன்னீங்க?"

"ரேஷ்மா..."

"யாரைக் கேட்டும்மா சொன்னீங்க? இவ்ளோ வருஷம் அந்தக் கதை. இப்போ இந்தக் கதையா? இதையும் ஊர் ஊராப் போய்ச் சொல்லப் போறீங்களா? எனக்குப் பதினொரு வயசு அப்போ, கன்வென்ஷன்ல ரெண்டாவது வரிசைல உக்காந்திருந்தேன். நீங்க சொன்னீங்க, எல்லாரும் திரும்பி என்னைப் பாத்தாங்க. அன்னிக்கு எனக்குக் காய்ச்சல். உங்ககிட்ட சொல்லணும்னு மத்தியானத்துலருந்து காத்துக்கிட்டிருந்தேன். 'அழாத பிள்ளை'ன்னு மைக்ல சொல்லிட்டீங்க. அதுக்கப்புறம் எப்படிம்மா சொல்றது? எப்படி?"

கடைசி வார்த்தையில் குரல் கிறீச்சிட்டது. தெருவில் போனவர் திரும்பிப் பார்த்தார். தபித்தாள் மகளின் தோளைத் தொடப் போனாள். ரேஷ்மா அந்தக் கையை விலக்கினாள். "இறங்குங்கம்மா. ப்ளீஸ்."

கார் போனது. தபித்தாள் இந்த முறை அது தெருமுனை திரும்பும்வரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

அடுத்த மாதம் ரேஷ்மா வரவில்லை. மாத்திரை மட்டும் கூரியரில் வந்தது. அதற்கடுத்த மாதமும் வரவில்லை. தபித்தாள் போன் செய்தால் எடுத்தாள், இரண்டு வார்த்தை பேசினாள், வைத்தாள். மற்ற சபைகளிலிருந்து வந்த அழைப்புகளுக்கெல்லாம் தபித்தாள் முடியாது என்று சொல்லிவிட்டாள். சனிக்கிழமைகளில் பின்தெருப் பக்கம் போவதில்லை. குழந்தை மட்டும் விடவில்லை. சோறு வடிக்கும்போது, துணி உலர்த்தும்போது, மொட்டைமாடிக் கதவருகே. தபித்தாள் அதனோடு பேசுவதை நிறுத்திவிட்டாள். அது இருக்கிற இடத்தில் தானும் கொஞ்ச நேரம் சும்மா நிற்பாள்.

மழைக்காலம் தொடங்கிய ஒரு புதன்கிழமை மத்தியானம் அழைப்பு மணி அடித்தது. ரேஷ்மா. ஆபீஸ் உடை, நனைந்த கால்கள், கழுத்தில் இன்னும் அடையாள அட்டை.

"நாவலூர் ஆபீஸ்லருந்து ரெண்டு மணி நேரம். ரேடியல் ரோடு முழுக்கத் தண்ணி. தலைவலி உயிர் போகுது" என்றபடி உள்ளே வந்து, நாற்காலியைத் தாண்டி, நேராகக் கட்டிலில் உட்கார்ந்தாள். "டீச்சர் சொன்னாங்க, நீங்க வந்துட்டுப் போனதை."

தபித்தாள் துண்டை எடுத்துக் கொடுத்தாள். மகள் தலையைத் துவட்டிக்கொண்டாள்.

"ஒண்ணு கேக்கலாமா?" என்றாள் தபித்தாள். "மைக்ல சொல்ல இல்லை. எனக்காக. அன்னிக்கு அழுதியாம்மா நீ?"

ரேஷ்மா துண்டை மடியில் வைத்துக்கொண்டாள்.

"அதைத்தான் நானும் ரெண்டு மாசமா யோசிக்கிறேன்" என்றாள் மெதுவாக. "ஞாபகம் இல்லம்மா. நான் யோசிச்சா நீங்க சொன்னதுதான் வருது. வாசல், ஆட்டோ, நான் சிரிச்சுட்டே கை ஆட்டுறேன். அத்தனை தடவை கேட்டிருக்கேன் இல்லையா? எனக்கே அப்படித்தான் தெரியுது. இப்போ நீங்க அதைப் பாக்கலைன்னு சொல்லிட்டீங்க. அப்போ நிஜமா என்ன நடந்துதுன்னு யாருக்கும் தெரியாது. எனக்கும் தெரியாது."

தபித்தாள் மகளின் மடியிலிருந்த ஈரத்துண்டை எடுத்து நாற்காலி முதுகில் போட்டாள்.

"நான் கோபமாத்தான் இருக்கேன்" என்றாள் ரேஷ்மா. "அது போகலை. போகுமான்னும் தெரியலை. ஆனா தலைவலி. டீச்சர் வீட்ல கெஸ்ட் வந்திருக்காங்க. இங்க கொஞ்சம் படுத்துக்கறேன். எழுப்பாதீங்க."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தாள். அடையாள அட்டையைக் கூடக் கழற்றவில்லை. சீக்கிரத்தில் மூச்சு சீரானது. வாய் லேசாகத் திறந்திருந்தது.

தபித்தாள் சத்தமில்லாமல் கதவைச் சாத்தினாள். வெளியே மழை பிடித்துக்கொண்டு பெய்தது. அறைக்குள் புழுக்கமாக இருந்தது. விசிறி இரண்டில் ஓடிக்கொண்டிருந்தது. கூட்டலாமா என்று ரெகுலேட்டரில் கை வைத்தாள். இந்தப் பிள்ளைக்குத் தூங்கும்போது காற்று வேகமாக வர வேண்டுமா, மெதுவாகவா என்று அவளுக்குத் தெரியவில்லை. எழுப்பிக் கேட்கவும் முடியாது. கையை எடுக்காமல் அப்படியே நின்றாள்.